பச்சைத் தேயிலைக்கு ஒரே விலை என்றால் நல்ல இலை எங்கிருந்து வரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு மனு, உண்ணாவிரதம், வழக்கு என்று நீலகிரியில் 25 ஆண்டுகள் ஓடிவிட்டன. 1998 ஆகஸ்டில் ரஷ்யாவின் ரூபிள் சரிந்ததை ஒட்டித் தொடங்கிய வீழ்ச்சி, 2000-ம் ஆண்டில் பச்சை இலையைக் கிலோ ஐந்தாறு ரூபாய் வரை இழுத்துக்கொண்டு போனது. அதன்பிறகு விலை ஏறவும் செய்தது, இறங்கவும் செய்தது. ஆனால் உரம், கவாத்து, பறிகூலி எல்லாம் போக நாலு காசு கையில் நிற்கும் அளவுக்கு அது நிலைத்ததில்லை. செலவுக்கு மேல் பாதி சேர்த்து 30 ரூபாய்க்குக் குறையாமல் வேண்டும் என்று சிறு விவசாயிகள் கேட்பது நியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அந்தக் கோரிக்கையோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். இலையைத் தரம் பிரித்து, தரத்துக்கு ஏற்ற விலை போட்டு வாங்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அது நடக்காத வரை அரசு கிலோவுக்கு 2 ரூபாய் சேர்த்துக் கொடுத்தாலும் 5 ரூபாய் சேர்த்துக் கொடுத்தாலும் கரட்டு இலையோடு, அதாவது முற்றிய இலையோடும் தண்டோடும், கரைந்துதான் போகும்.

விலை எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். தூள் என்ன விலைக்கு விற்கிறதோ, அதில் 65 சதவீதம் விவசாயிக்கு, 35 சதவீதம் தொழிற்சாலைக்கு என்பது இங்குள்ள விலைப் பகிர்வு முறை. 2003-ம் ஆண்டின் தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணை இதற்கு அடிப்படை. 100 கிலோ பச்சை இலைக்கு 22 முதல் 25 கிலோ வரை தூள் விழும். இதைத்தான் அவுட்டர்ன் என்கிறோம். தூள் கிலோ 120 ரூபாய்க்குப் போனால் விவசாயியின் பங்கு 78 ரூபாய். அவுட்டர்ன் 23 என்று வைத்தால் பச்சை இலை கிலோவுக்கு 17 ரூபாய் 94 காசு வரும். அதே அவுட்டர்னை 21 என்று எழுதினால் 16 ரூபாய் 38 காசு. பேனா முனையில் இரண்டு புள்ளி குறைந்தால் விவசாயிக்குக் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் போய்விடும். அதனால் மாதக் கடைசியில் தரும் சீட்டில் எடையும் விலையும் மட்டும் இருந்தால் போதாது. அந்த மாதத்து அவுட்டர்ன், தூள் விற்ற சராசரி விலை, ஈரத்துக்காகக் கழித்த எடை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரக் கழிவு என்று எல்லோருக்கும் மொத்தமாக ஒரு சதவீதம் போட்டு வெட்டுவதுதான் பல இடங்களில் வழக்கம். காலை மழையில் நனைந்த இலையும் மதியம் வெயிலில் பறித்த இலையும் ஒரே வெட்டு வாங்குகின்றன.

இந்த முறையின் பெரிய ஓட்டை "சராசரி" என்ற சொல்லில் இருக்கிறது. தேயிலை வாரியம் மாதந்தோறும் மாவட்டத்துக்கான குறைந்தபட்சச் சராசரி விலையை அறிவிக்கிறது. விவசாயியைப் பாதுகாக்கக் கொண்டுவந்த தரைமட்ட விலை அது. நடைமுறையில் அதுவே கூரையும் ஆகிவிட்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுத்தவருக்கும், ஐந்தாறு இலையோடு தண்டையும் சேர்த்துக் கத்தரித்தவருக்கும் ஒரே விலை. அப்படி இருக்கும்போது யார் கொழுந்தாகப் பறிப்பார்கள்?

பறிகூலிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒரு ஏக்கரில் ஆண்டுக்கு 4,000 கிலோ பச்சை இலை, நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையால் கொழுந்தாகப் பறித்தால் ஓர் ஆள் நாளுக்கு 25 கிலோ பறிக்கலாம். ஆண்டுக்கு 160 ஆள்நாள் ஆகும்; கூலி 72,000 ரூபாய். பச்சை இலை கிலோ 18 ரூபாய் என்றால் மொத்த வரவும் அதே 72,000 ரூபாய்தான்! உரத்துக்கும் மருந்துக்கும் ஒரு காசு மிஞ்சாது. கத்தரி போட்டால் ஓர் ஆள் 60 கிலோ எடுப்பார். 67 ஆள்நாளில் வேலை முடியும். கூலி ஏறக்குறைய 30,000 ரூபாய். கையில் 42,000 நிற்கும். விவசாயி சோம்பலாலோ பேராசையாலோ கத்தரிக்கு மாறவில்லை. 18 ரூபாய் விலைதான் அவர் கையில் கத்தரியைக் கொடுத்தது. கூட்டங்களில் "விவசாயிகள் தரமான இலை கொடுக்க வேண்டும்" என்று மேடையில் இருந்து சொல்லும் அதிகாரிகள் இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கத்தரி என்பதாலேயே இலை கெட்டுவிடாது. தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து 12 முதல் 14 நாளுக்கு ஒருமுறை சுற்று வர வேண்டும். கத்தரியின் அடித்தகட்டைப் பறிப்பு மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி வைத்து ஓட்டினால் தாய் இலையும் முதிர்ந்த தண்டும் வெட்டுப்படாது. தொடர்ந்து ஆண்டு முழுக்க வெட்டிக்கொண்டே இருந்தால் இலை சிறுத்து, மொட்டு உறங்கி, செடி முழுக்க மேலே வளராத பாஞ்சித் தளிராக நிற்கும். அதனால் இலை வரத்து குறைந்த மாதங்களில் கையால் பறித்துச் செடிக்கு இலை சேர விட வேண்டும். இப்படிக் கவனமாகக் கத்தரித்தால் நாளுக்கு 60 கிலோ வராது. 40 கிலோதான் வரும். கூலி ஏக்கருக்கு 45,000 ரூபாய் ஆகும். அதே 42,000 ரூபாய் கையில் நிற்க வேண்டுமானால் பச்சை இலைக்கு 21 ரூபாய் 75 காசு கிடைக்க வேண்டும். கைப்பறிப்புக்கு இதே கணக்கில் 28 ரூபாய் 50 காசு வேண்டும். திருப்பிப் போட்டால், 65 சதவீதப் பங்கும் 23 அவுட்டர்னும் கொண்டு பார்க்கும்போது, முதலாவதற்குத் தூள் விலை சுமார் 145 ரூபாய். இரண்டாவதற்குச் சுமார் 190 ரூபாய். 120 ரூபாய்த் தூளை 145 ரூபாய்க்குக் கொண்டுபோவது எட்டாத உயரம் அல்ல. இடையில் இருக்கும் 25 ரூபாயைத் தேடித்தான் நம் தொழில் கொள்கை போக வேண்டும்.

கவாத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 4, 5 ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்யாத செடியில் எந்தக் கத்தரியைப் போட்டாலும் கரட்டு இலைதான் வரும். கவாத்து செய்த பகுதியில் பல மாதம் வருமானம் இல்லை என்பதால் விவசாயி தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்ட முடியாது. நாலு பாகமாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பாகம் வெட்டலாம். அந்த ஒரு பாகத்தின் வருமான இழப்புக்கு உதவித்தொகை கொடுத்தால், கிலோவுக்கு 2 ரூபாய் என்று எல்லா இலைக்கும் தூவுவதைவிட நல்ல பலன் தரும்.

இலையைத் தரம் பார்ப்பது பெரிய ஆய்வுக்கூட வேலை இல்லை. கொள்முதல் கொட்டகையில் ஒரு மேசை, கிராம் காட்டும் சிறு தராசு, ஒரு துணி இருந்தால் போதும். மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் இருந்து பிடி இலை எடுத்துக் கலந்து, ஈரத்தைத் துணியில் ஒற்றி, 100 கிராம் நிறுக்க வேண்டும். ஓர் இலை மொட்டு, இரண்டு இலை மொட்டு, இளசாக இருக்கும் மூன்று இலை மொட்டு, இளம் ஒற்றை பாஞ்சி ஆகியவற்றை ஒருபுறம் ஒதுக்க வேண்டும். முற்றிய இலை, தண்டு, பழுப்பு, புல் எல்லாம் மறுபுறம். சந்தேகமான தண்டை நுனியில் இருந்து கீழ்நோக்கி வளைத்துக்கொண்டே வந்தால் இளசான இடம் படக்கென்று ஒடியும். முற்றிய இடம் நார் விட்டுத் தொங்கும். ஒடியும் இடத்துக்கு மேலே நல்ல இலை, கீழே கரடு. நல்ல பக்கத்தை நிறுத்தால் 100 கிராமில் எத்தனை கிராமோ அதுவே சதவீதம். பழகிய கைக்குப் பத்து நிமிடம் ஆகாது. விவசாயி பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கண்ணால் பார்த்து "இது மட்டம்" என்று இலை வாங்க வரும் ஏஜென்ட் சொல்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

பறித்த பிறகு கெடும் இலையும் உண்டு. சாக்கில் காலால் மிதித்துத் திணித்த இலை உள்ளுக்குள்ளேயே சூடேறும். சூடு 40 டிகிரியை நெருங்கினால் இலை சிவந்து, வாட்டும் முன்னரே புளிக்கத் தொடங்கிவிடும். காற்றோட்டமான வலைப்பையில் 15, 20 கிலோவுக்கு மேல் போடக் கூடாது. மூட்டை மேல் மூட்டையாக அடுக்கி அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்து வரக் கூடாது. காலை 11 மணிக்குப் பறித்த இலை, நாலு ஊர் சுற்றி இரவு 8 மணிக்குத் தொழிற்சாலை சேரும் பாதைகள் குந்தா பக்கமும் கூடலூர் பக்கமும் இருக்கின்றன. ஒரு நாளுக்கு இரண்டு முறை வண்டி போனால் இந்தக் கேடு பாதி தீரும்.

தொழிற்சாலைக்குள் தவறு பெரும்பாலும் வாட்டும் தொட்டியில் நடக்கிறது. பறித்த இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தொட்டியில் சதுர மீட்டருக்கு 25 முதல் 30 கிலோ வரை பரப்பி, 12 மணி நேரத்துக்குக் குறையாமல் காற்று ஓட்டினால்தான் இலைக்குள் நடக்க வேண்டிய மாற்றம் நடந்து மணமும் சாரமும் வரும். மே, ஜூனிலும் அக்டோபரை ஒட்டிய மாதங்களிலும் இலை வந்து குவியும்போது தொட்டியில் இடம் இருக்காது. முழங்கால் உயரத்துக்குக் கொட்டுவார்கள், அல்லது நாலைந்து மணி நேரத்திலேயே எடுத்து ரோட்டர்வேன் என்ற அரைக்கும் இயந்திரத்தில் தள்ளுவார்கள். வாடாத இலை, நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலரில் கூழாகும். தூள் எடை நிற்காது. டீ வெளுத்துச் சப்பென்று இருக்கும். கரட்டு இலையாக இருந்தால் நார் ரோலரின் பல்லை மழுக்கும். மழுங்கிய பல்லில் வெட்டுப்பட்ட தூள் செதில் செதிலாக வரும். நாரையும் குச்சியையும் சலித்து ஒதுக்கியாக வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தூளில் நார்ச்சத்து 16.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒதுக்கிய கழிவை முறைப்படி அழிக்காமல் வெளியே விட்டால் அது சாயம் ஏறி வேறு பெயரில் சந்தைக்கு வரும். அந்தக் கலப்படத் தூள்தான் ஏலத்தில் நம் நல்ல தூளின் விலையைக் கீழே இழுக்கிறது. ஒரு மூட்டை கரட்டு இலையில் தொடங்கும் சங்கிலி இது.

சரி, கரட்டு இலை வேண்டாம் என்று தொழிற்சாலைக்காரர்களே ஏன் திருப்பி அனுப்பவில்லை? ஒருவர் திருப்பினால் அந்த இலை அன்றைக்கே அடுத்த தொழிற்சாலைக்குப் போய்விடும். கொதிகலனையும் ஆட்களையும் சும்மா வைத்திருக்க முடியாது, இலைக்குப் போட்டி. ஆகவே எவரும் முதலில் தொடங்கமாட்டார்கள். தனித்தனியாக எவராலும் செய்ய முடியாததை, எல்லோருக்கும் ஒரே நாளில் பொருந்தும் விதியாகக் கொண்டுவருவதற்குத்தான் அரசு இருக்கிறது. தொழில் கொள்கை என்ற சொல்லுக்கு எங்கள் மலையில் பொருள் இதுதான்.

ஆனால் தொழில் கொள்கை என்றால் முதலீட்டுத் தொகையை மட்டுமே பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் போடப்பட்டன. மகிழ்ச்சியான செய்தி, தமிழகத்துக்கு வேண்டியதும்கூட. மத்திய அரசின் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் 14 துறைகளுக்கு உண்டு. அதில் உணவு பதப்படுத்துதலும் ஒன்று. பழம், காய்கறி, கடல் உணவு, உடனே சமைக்கும் உணவு, மோசரெல்லா பாலாடைக்கட்டி வரைக்கும் அதில் இடம் கிடைத்தது, தேயிலைக்குக் கிடைக்கவில்லை. இங்கே புதிதாகப் பெரிய ஆலை வர வழியில்லை. காடும் சரிவும் காக்கப்பட வேண்டும் என்று சட்டங்கள் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். சுற்றுலாவுக்கும் எல்லை வந்துவிட்டது: உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் இ-பாஸ், 2025 ஏப்ரல் முதல் சீசனில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பு. ஏற்கெனவே இருக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளைத் தரம் உயர்த்துவதைத் தவிர இந்த மாவட்டத்துக்கு வேறு தொழில் கொள்கை என்ன இருக்க முடியும்?

இங்கே முன்பு பெரிய ஆலைகள் இருந்ததும் உண்டு. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டு 1967-ல் உற்பத்திக்கு வந்தது. பல ஆயிரம் குடும்பங்கள் அதை நம்பி இருந்தன. 1991-க்குப் பின் இறக்குமதிப் பிலிம் மலிந்தது. பின்னால் டிஜிட்டல் கேமரா வந்தது. 2014-ல் மத்திய அமைச்சரவைக் குழு மூட முடிவெடுத்தது. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ, 1964-ம் ஆண்டு ஒப்பந்தப்படி இலங்கையில் இருந்து வந்த தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை தருவதற்காக 1968-ல் தொடங்கிய தோட்டம். அதிலும் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022-ல் அரசாணை வந்தது. 2001 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை சரிந்த தமிழக மாவட்டம் இது. கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருவுக்கும் இளைஞர்கள் இறங்கிப் போகிறார்கள். அவர்கள் விட்டுச் சென்ற பறிப்பு வேலைக்கு ஜார்க்கண்டிலும் அசாமிலும் இருந்து குடும்பங்கள் ஏறி வருகின்றன. வந்தவர்களையும் சேர்த்தே இங்குள்ள வேலையை எண்ண வேண்டும். ஏக்கருக்கு 67 ஆள்நாள் என்பது 100 ஆள்நாள் ஆனால், அந்த 33 நாள் வேலை யாருக்குக் கிடைத்தாலும் இந்த மலைக் கடைத்தெருவில்தான் செலவாகும்.

வெளிநாட்டு வணிகத்துக்கு வருகிறேன். இந்தியா விளைவிக்கும் தேயிலையில் ஐந்தில் நாலு பங்கை நாமே குடித்துவிடுகிறோம். மீதிதான் ஏற்றுமதி. அந்த மீதிக்குள்தான் ரஷ்யா, ஈரான், ஈராக், ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் வருகின்றன. சோவியத் யூனியன் இருந்த காலத்தில் ரூபாய் வணிகத்தில் தரம் அதிகம் பாராமல் வாங்கினார்கள். அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் நம் தொழிற்சாலைகளை விட்டுப் போகவில்லை என்பது என் எண்ணம். இறக்குமதிக்குப் பொதுவான வரி 100 சதவீதம். ஆனால் இலங்கையோடு உள்ள ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை 7.5 சதவீத வரியில் வரலாம். 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தப்படி வரி படிப்படியாக இறங்கி 2019-ல் 45 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வியட்நாம் அதில் அடக்கம். மறு ஏற்றுமதிக்கு என்று வரியே இல்லாமலும் கொண்டுவரலாம். அப்படி வந்த தூள் உள்ளூர்ப் பொட்டலத்தில் கலக்காமல் இருக்கிறதா என்பதைத் துறைமுகம் முதல் கிடங்கு வரை எடைக்கு எடை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இறக்குமதித் தூளை நீலகிரி ஆர்த்தோடாக்ஸோடு (மேசையில் உருட்டிச் செய்யும் தேயிலை) கலக்கக் கூடாது என்று தேயிலை வாரியம் 2021 நவம்பரில் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அதில் சிறு விவசாயிக்கு ஒரு சிக்கல் உண்டு.

2008-ல் கிடைத்த புவிசார் குறியீடு "நீலகிரி ஆர்த்தோடாக்ஸ்" தேயிலைக்கு மட்டுமே உரியது. சிறு விவசாயியின் இலை போகும் தொழிற்சாலைகளில் மிகப் பெரும்பாலானவை சிடிசி. ஆக, நீலகிரியில் விளைந்தும் அந்த முத்திரையை அவருடைய இலை தாங்க முடியாது. 2021-ல் இலங்கை ரசாயன உரத்தைத் தடை செய்து, உற்பத்தி விழுந்து, ஆர்த்தோடாக்ஸ் தேயிலைக்கு உலகமே அலைந்தபோது நம்மிடம் இலை இருந்தது, உருட்டும் மேசை இல்லை. ஆர்த்தோடாக்ஸுக்கு இலையை 55, 60 சதவீத ஈரம் வரும்வரை கூடுதலாக வாட்ட வேண்டும். உருட்டும் மேசையில் அரை மணி நேரம் வீதம் இரண்டு மூன்று முறை உருட்டி, இடையில் கட்டி உடைத்துச் சலிக்க வேண்டும். பிறகு தட்டில் பரப்பிப் புளிக்க வைத்து உலர்த்த வேண்டும். கரட்டு இலை மேசையில் சுருளவே சுருளாது. பட்டையாக விரிந்து கிடக்கும். ஆகவே இயந்திரத்துக்கு மானியம் கொடுத்துவிட்டு இலைத் தரத்தை விட்டுவிட்டால் அந்த மேசையில் தூசுதான் படியும். பூச்சிமருந்து எச்சமும் அப்படியே. கொப்புள நோய்க்கோ தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கோ மருந்து அடித்தால் குறித்த இடைவெளி நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும். ஒரு ஏஜென்ட் வண்டியில் நாற்பது பேருடைய இலை ஒன்றாகக் கலக்கும்போது ஒருவர் மூன்றாம் நாளே பறித்திருந்தாலும் முழு லாட்டும் சோதனையில் விழும்.

கென்யாவைப் பாருங்கள். அங்கும் பெரும்பாலும் சிடிசிதான். அங்கும் சிறு விவசாயிகள்தான். ஆனால் இரண்டு இலையும் மொட்டுமாகக் கையால் பறித்து, கொள்முதல் நிலையத்தில் இலையை விரித்துப் பார்த்து எடுக்கிறார்கள். மாதாமாதம் ஒரு தொகை கொடுத்துவிட்டு, ஆண்டு முடிவில் அந்தத் தொழிற்சாலை தூளை என்ன விலைக்கு விற்றதோ அதைக் கணக்குப் பார்த்து இரண்டாம் தவணை கொடுக்கிறார்கள். அங்குள்ள முறையிலும் குறைகளும் தகராறுகளும் உண்டு. ஆனாலும் நல்ல தூள் விற்றால் அந்தப் பணம் விவசாயியைத் தேடி வரும் என்ற நம்பிக்கை அங்கே இருக்கிறது.

நமக்கும் கூட்டுறவு புதிதல்ல. 1962-ல் குந்தாவில் தொடங்கி இன்று கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இன்ட்கோசர்வின் கீழ் 16 தொழிற்சாலைகள் இருக்கின்றன. உறுப்பினர்கள் இலையை வெளியே விற்கிறார்கள் என்று நிர்வாகம் குறை சொல்கிறது. பணம் தாமதமாக வருகிறது என்று உறுப்பினர்கள் குறை சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. முதல் தவணை மாதத்தின் குறித்த தேதியில் வங்கிக் கணக்கில் ஏறிவிட வேண்டும். தரத்துக்கான கூடுதல் தொகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரலாம். நல்ல இலை 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒரு விலை, 50 முதல் 65 வரை ஒரு விலை, அதற்குக் கீழே அடிப்படை விலை என்று மூன்று படி போதும்; ஏழெட்டுப் படி வைத்தால் மேசையில் சண்டைதான் வரும். முதல் ஆறு மாதத்துக்குக் கீழ்ப்படியில் அபராதம் கூடாது. கூட்டினால் கூட்டட்டும், குறைக்க வேண்டாம். அரசு கொடுக்கும் ஊக்கத்தொகை முழுவதையும் மேல் இரண்டு படிக்குத் திருப்பிவிட்டால் தனியாக நிதி தேடவேண்டியதில்லை. படி பிரித்த இலையைத் தனித் தொட்டியில் வாட்டி, தனியாக அரைத்து, தனி இன்வாய்ஸாக (தனி விற்பனைத் தொகுதியாக) ஏலத்துக்கு அனுப்ப வேண்டும். உள்ளே போய் எல்லாவற்றையும் கலந்துவிட்டால் மேசையில் செய்த வேலை வீண்.

கூட்டுறவில் ஓராண்டு நடந்த பிறகு, மேசையும் தராசும் வைப்பதைத் தனியார் தொழிற்சாலைகளின் உரிம நிபந்தனையாகத் தேயிலை வாரியம் சேர்க்கட்டும். எல்லோருக்கும் ஒரே தேதி. குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர் பக்கம் தலா ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலையிலாவது ஓர் ஆர்த்தோடாக்ஸ் வரிசை அமைய வேண்டும். சிறு குழுக்களாகக் கையால் தேயிலை செய்ய முன்வருவோருக்குக் 2020-ல் வந்த குறு உணவு பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. மாவட்டத் தொழில் மையம் கிராமம் கிராமமாகப் போய் இத்தகைய திட்டங்களைச் சொல்ல வேண்டும்.

தொடங்க நல்ல காலம் டிசம்பர். உறைபனியும் வறண்ட காற்றுமாக மார்ச் வரை இலை வரத்து குறைவு. தொட்டியில் இடம் இருக்கும். ஆண்டிலேயே மணமான தூள் அப்போதுதான் வரும். வரத்து குறைந்த நாளில் மேசையில் இருப்பவரும் விவசாயியும் எண்ணிப் பழகிக்கொண்டால், மே மாதம் இலை குவியும்போது தடுமாறமாட்டார்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். குன்னூர் ஏலத்தின் சராசரி விலையை வெளியிடும்போது, அதன் பக்கத்திலேயே 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் அந்த மாதம் கொடுத்த பச்சை இலை விலை, அவுட்டர்ன், பணம் ஏறிய தேதி ஆகியவற்றைத் தொழிற்சாலை வாரியாக ஒரு சிறு கட்டத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.